தராசு யார் கையில்?

1907ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் அடையாற்றில் கர்னல் ஆல்காட் காலமானார். பிரம்மஞான சபையின் தலைமை அன்னிபெசன்ட் அம்மையார் கைக்கு வந்தது. ஜூன் 19ஆம் தேதி இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை கிளம்பியது. நடத்தியவர் க. அயோத்திதாசப் பண்டிதர். ரசாயனப் பேராசிரியர் பி. லட்சுமிநரசு 'பௌத்த சாரம்' என்று பொருள்படும் தலைப்பில் தன் ஆங்கில நூலை வெளியிட்டதும் அதே வருஷம்தான். நவம்பரில் மயிலாப்பூர் பிராடீஸ் சாலையில் இராமகிருஷ்ண மடம் சொந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தது. மறுவருஷம், 1908இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார்.

இத்தனையும் ரெண்டு வருஷத்துக்குள், ஒரே பட்டணத்துக்குள். ஆள் ஒருத்தர் மனசு வைத்தால் காலையில் இராயப்பேட்டையில் கிளம்பி, மயிலாப்பூர் வழியாக நடந்து, ஆற்றைத் தாண்டி மத்தியானத்துக்குள் அடையாறு போய்ச் சேர்ந்துவிடலாம். (இன்றைய தி.நகர் அப்போது ஊரே கிடையாது. பெரும் பகுதி ஏரி. 1920களில் ஏரியை வடித்துத்தான் அங்கே மனை போட்டார்கள்.) இந்த எல்லாரும் செய்துகொண்டிருந்த வேலை ஒன்றுதான்: ஒரு தத்துவத்தை இன்னொரு தத்துவத்துக்குப் பக்கத்தில் வைத்து எடை போடுவது. இராதாகிருஷ்ணனுக்குத் தத்துவ வரலாற்றில் நாற்காலி உண்டு. மடத்துக்கும் சபைக்கும் அத்தியாயங்கள் உண்டு. இராயப்பேட்டைக்காரரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார். 'சமூக சீர்திருத்தவாதி' என்ற தலைப்பின் கீழ் எங்காவது ஒரு மூலையில் இருப்பார். ஏன் அப்படி என்று கேட்பதற்கு முன்னால், ஒப்பீடு என்ற இந்த வேலை நமக்குப் புதுசா என்று பார்த்துவிடலாம்.

புதுசில்லை. இது வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று படித்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஒப்பியல் தத்துவம்' என்ற பெயரிலேயே பாரிசில் மாசோன் உர்செல் புத்தகம் போட்டது 1923இல். மணிமேகலையின் இருபத்தேழாவது காதையைத் திறந்து பாருங்கள். வஞ்சி நகரத்தில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேரிடம் ஒரு பெண் போகிறாள். உன் கொள்கை என்ன, சொல் என்று கேட்கிறாள். ஒவ்வொருத்தன் பதிலையும் பொறுமையாகக் கேட்கிறாள். கேட்டு முடித்துவிட்டுக் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தர்மம் கேட்கிறாள். அவள் கணிகையர் குலத்துப் பெண் என்பதும், கையில் இருந்தது ஏடு இல்லை, பசித்தவனுக்குச் சோறு போடுகிற பாத்திரம் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயங்கள். சிறைச்சாலையை அறச்சாலையாக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவள் அவள். தத்துவங்களை எடைபோட அவளுக்கு ஒரு படிக்கல் இருந்தது. அது பசி.

அந்த மணிமேகலையை உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1898இல். அயோத்திதாசர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுக்கொண்டதும் 1898இல். ஏட்டில் கிடந்த பௌத்தம் அச்சுக்கு வருகிறது. சேரியில் மறைந்துகிடந்ததாக ஒருவர் சொன்ன பௌத்தம் தெருவுக்கு வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுகிற இலக்கிய வரலாறு நம்மிடம் குறைவு.

அடையாற்றுக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்த ஆல்காட்டும், ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் 1875இல் நியூயார்க்கில் சபையை ஆரம்பித்தார்கள். 1880இல் இலங்கையில் காலியில் இருவரும் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டார்கள். 1882 கடைசியில் அடையாற்றங்கரைத் தோட்டத்துக்கு வந்தார்கள். 1886இல் நூல்நிலையம் திறந்தார்கள். ஏட்டுச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. தோட்டத்துக்குள் இந்துக் கோவில், புத்தர் சன்னதி, மசூதி, தேவாலயம் எல்லாம் பின்னால் வந்தன. சத்தியத்துக்கு மேலே மதம் கிடையாது என்பது சபையின் வாசகம். எல்லா மதத்துக்கும் வேர் ஒன்று, கிளைகள்தான் வேறு வேறு என்பது அவர்களுடைய ஒப்பீட்டின் முடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனா வேர் எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிட்டா, ஒரு கிளையில மட்டும் ஏன் ஆளைத் தொங்கவிட்டிருக்காங்கன்னு கேக்கறதுக்கு இடமில்லாம போயிடுது.

ஆல்காட்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருந்த சேரியைப் பார்த்தவர் அவர். 1894இல் பஞ்சமருக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். நம் பிள்ளைகளை எந்தத் திண்ணைப் பள்ளியிலும் ஏற்றாத காலத்தில் செய்த காரியம் இது. நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே தோட்டத்தில் அவருக்குப் பின் தலைமைக்கு வந்தவர் என்ன எழுதினார்? 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ'வில் அன்னிபெசன்ட் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை உயர்ந்த சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது. அவர்கள் உடம்பே தலைமுறை தலைமுறையாகச் சாராயத்தாலும் நாற்றமெடுக்கிற உணவாலும் ஆனது. சுத்தமான சாப்பாடும் வாழ்க்கையும் சில தலைமுறைக்குப் போன பிறகுதான் பக்கத்தில் உட்காரத் தகுதி வரும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிய நூலில் இதை எடுத்துப்போட்டு ஊருக்குக் காட்டினார். எல்லா ஆன்மாவும் ஒன்று என்று சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. ஆன்மா ஒன்று, பெஞ்சு வேறு.

மயிலாப்பூர் ஒப்பீடு வேறு தினுசு. 1893இல் விவேகானந்தரைச் சிகாகோ சர்வமத மாநாட்டுக்கு அனுப்பக் காசு திரட்டியவர்களில் முன்னால் நின்றவர்கள் சென்னை இளைஞர்கள். அந்த வழியில் வளர்ந்த எண்ணம் இது: எல்லா மதமும் படிக்கட்டு, உச்சிப்படி அத்வைதம். இராதாகிருஷ்ணன் இதற்குக் கல்விக்கூட உருவம் கொடுத்தார். உலகம் மாயை என்று சொல்கிற வேதாந்தத்தில் அறத்துக்கு எங்கே இடம் என்று பாதிரிமார்கள் கேட்டார்கள். இடம் உண்டு என்று அந்த 1908 ஆய்வேட்டில் மாணவர் பதில் எழுதினார். 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியரானார். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த மயிலாப்பூர் வீடு இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அவருடைய படிப்பை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றி 1927இல் நூலாக வந்த சொற்பொழிவுகளில் சாதியை எப்படி விளக்கினார்? பல இனங்கள் மோதிக்கொள்ளாமல் சேர்ந்து வாழ இந்து சமூகம் கண்ட வழி என்று விளக்கினார். பிளேட்டோவையும் சங்கரரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, சங்கரரையும் சேரியையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோணலை.

பாதிரியார்கள் கேட்ட அதே கேள்வியை, அவர்களுக்கில்லாத உரிமையோடு, 1892லேயே ஒருவர் கேட்டுவிட்டார். அயோத்திதாசர் ஆரம்பத்தில் பௌத்தர் இல்லை, அத்வைதி. நீலகிரியில் அத்வைதானந்த சபை வைத்து நடத்தியவர். சித்த மருத்துவர், ஏடு படித்த குடும்பம். தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், வீட்டிலிருந்த குறள் ஏடுகளைத் துரை மூலமாக எல்லீசுக்குக் கொடுத்தவர் என்றும் எழுதியிருக்கிறார். ஏடு பட்லர் வீட்டில் இருந்தது என்பதை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் தன் மக்களின் பிரதிநிதியாக எழுந்து, சிவன் கோவிலிலும் விஷ்ணு கோவிலிலும் எங்களை விடுவீர்களா என்று கேட்டார். எல்லாம் பிரம்மம் என்றால் வாசல்படி மட்டும் என்ன என்பது அதன் பொருள். கூட்டம் கூச்சல் போட்டது. உங்களுக்கு மதுரைவீரன் இருக்கிறான், காட்டேரி இருக்கிறது, கருப்பண்ணன் இருக்கிறான், அவர்களைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு சாஸ்திரியார் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடமும் நிலமும் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார் பண்டிதர். தத்துவத்தைச் சோதிக்க அவர் நூல்நிலையத்துக்குப் போகவில்லை. கோவில் வாசலில் வைத்துச் சோதித்தார், அத்வைதம் தேறவில்லை. இதைத் தத்துவ விவாதம் இல்லை, உரிமைப் பிரச்சினை என்று தள்ளிவைக்கிறார்கள். வாதம், எதிர்வாதம், முடிவு மூன்றும் இருக்கிறதே, வேறென்ன வேணும்?

ஆறு வருஷம் கழித்து ஆல்காட்டைப் பார்த்தார். பறையர் என்று சொல்லப்படுகிறவர்கள் பூர்வ பௌத்தர்கள், அந்த இடத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார். ஆல்காட் கொழும்புக்கு அழைத்துப் போனார். வித்யோதயப் பிரிவெனாவின் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம். கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று கூலிக்குப் போன நம் சனங்கள் இருந்த இடத்திலெல்லாம் கிளைகள்.

பத்திரிகையில் அவர் செய்த ஒப்பீடு மற்ற இரண்டு மாதிரி இல்லை. வேரையும் தேடவில்லை, உச்சிப்படியையும் தேடவில்லை. ஒரு சொல்லை எடுப்பார். இன்றைக்கு இதற்கு என்ன அர்த்தம், இந்த அர்த்தத்தால் யார் பிழைக்கிறார்கள், இதற்கு முன்னால் வேறு அர்த்தம் இருந்ததா என்று கேட்பார். மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள், பாலி மரபு, சேரியில் கிழவிகள் சொன்ன கதை எல்லாம் அவருக்கு ஒரே வரிசையில் நிற்கும் சாட்சிகள். தீபாவளியா? அசுரனைக் கொன்ற நாள் என்று ஒரு கதை இருக்கிறது. எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்து, அதன் குணத்தைப் பௌத்த மடத்தில் சோதித்து, சனங்கள் தேய்த்துக் குளித்த நாள் என்று அவர் ஒரு கதை வைப்பார். ஒன்றில் கொலை, ஒன்றில் மருந்து. இந்திரர் என்றால் ஐம்புலனை வென்ற புத்தர் என்பார். அதிலிருந்து இந்தியாவுக்கே பெயர் காட்டுவார். திருக்குறளைத் 'திரிக்குறள்' என்று எழுதி, திரிபிடகத்தோடு சேர்ப்பார். பிராமணன் என்ற சொல்லை யதார்த்த பிராமணன், வேஷ பிராமணன் என்று பிளப்பார். பிறப்பால் பிராமணன் இல்லை, நடத்தையால்தான் என்று தம்மபதத்தின் கடைசி அத்தியாயம் சொல்வதைத் தமிழ்த் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்திய வேலை அது.

இதெல்லாம் மொழியியலுக்கு நிற்குமா? பலது நிற்காது. சொல் விளக்கங்களில் வலிந்து இழுத்தவை நிறைய. மேற்கோள் பாட்டுகள் சிலவற்றுக்கு மூலம் கிடைப்பதில்லை. நம் தோழர்கள் சிலர் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே சரித்திரமாக எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனா ஒண்ணு: எல்லா மதமும் ஒரே வேர் என்பதற்கு அடையாற்றில் காட்டிய ஆதாரம் இமயமலையிலிருந்து மகாத்மாக்கள் அனுப்பிய கடிதங்கள். அதைத் தத்துவ வரலாற்றில் மரியாதையாகப் பேசுகிறவர்கள் பண்டிதரிடம் மட்டும் மூலச்சீட்டு கேட்கிறார்கள்.

லட்சுமிநரசு இன்னொரு பக்கம். அவர் பௌத்தத்தை விஞ்ஞானத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்; சாதி பற்றி 1922இல் தனி நூலே எழுதியவர். அவருடைய 1907 நூலின் மறுபதிப்புக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். இந்து மதத்தின் தத்துவம் பற்றி அம்பேத்கர் எழுதிவைத்து, அவர் மறைந்த பிறகு 1987இல் அச்சான நூலில், ஒரு மதத்தை எடைபோட நீதி என்பதை அளவுகோலாக வைக்கிறார். அந்த அளவுகோலைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தது இராயப்பேட்டை.

1914இல் அயோத்திதாசர் இறந்தார். 'தமிழன்' இதழ்கள் பழுப்பேறி, தங்கவயல் வீடுகளிலும் நம் பெரியவர்கள் சிலர் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகுதான் பலருக்கு அப்படி ஓர் ஆள் இருந்ததே தெரியும். 2023இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. அங்கிருந்து அடையாறு கூப்பிடு தூரம்தான். அதைத் தாண்டி பெசன்ட் நகர். அதற்குள்ளேதான் ஆல்காட் நினைவுப் பள்ளி, ஆல்காட் குப்பம்.

ஆனால் அந்தத் தராசை அவர் மேலும் வைத்தாக வேண்டும். தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பண்டிதர் பிரித்தார். பூர்வ பௌத்தர்களைச் சூழ்ச்சியால் தாழ்த்தினார்கள். குறவர், வில்லியர், சக்கிலியர் போன்றவர்கள் தம் நடத்தையாலேயே தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். நடத்தையைக் காட்டிப் பெஞ்சைப் பிரித்த அன்னிபெசன்டின் வாதத்துக்கும் இதுக்கும் என்ன தூரம்? அருந்ததியர் தோழர்கள் இதைக் கேட்கிறபோது, 'அவர் காலம் அப்படி' என்று நம்மில் சிலர் சொல்லி முடித்துவிடப் பார்க்கிறோம். அடையாற்றுக்காரர்களுக்கு அந்தச் சலுகையை நாம் கொடுக்கலையே.