எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு

காங்கேயம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தபோது வந்தவற்றில் பாதி பனியன் கம்பெனி அம்பாசடர்கள். பின்சீட்டைக் கழற்றிப் பண்டல் ஏற்றுவார்கள். மேடு வந்தால் இன்ஜின் டகடகவென இடிக்கும். பெட்ரோல் ஆவி நேரத்துக்கு முன்னால் தானாகவே வெடிப்பதுதான் அந்தச் சத்தம். அதைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. அப்போது சாதாரண பெட்ரோல் 87 ஆக்டேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைத் தள்ளிவைத்தால் இடி நிற்கும், இழுவையும் குறையும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலுக்கு அந்த வைத்தியமும் பலிக்காது.

ஆக்டேனைக் கூட்ட உலகமே ஈயம் கலந்தது. 1921-இல் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி கண்ட வழி அது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்று தெரிந்தும் விட நெடுங்காலம் ஆனது. எனக்கு இன்றும் ஆறாத கோபம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, நாடு முழுக்க 2000-இல். சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் பிறகு 88 ஆனது, 2010-இல் 91. 20 சதவீத எத்தனால் கலந்ததற்குக் குறைந்தபட்சம் 95.

இப்போது 100 ஆக்டேனும் கிடைக்கிறது. முதலாளிமார் சிலர் சின்னக் காருக்கும் அதையே ஊற்றுகிறார்கள். கையேட்டில் 91 என்றிருந்தால் 91 போதுங்க. மிச்சக் காசில் ஆயில் மாற்றுங்கள்.