ஓரியின் அம்புக்கு எத்தனை புள்ளி?

கொல்லிமலைக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பவை 70 கொண்டை ஊசி வளைவுகள். என் தமக்கையின் மகள் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டு வந்தாள். 37-ஆவது வளைவில் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

"மாமா, கூட்டிப் பார்த்தா எனக்கு 130. அவளுக்கு 125. ஆனா ஜெயிச்சது அவள். இது என்ன நியாயம்?"

அவள் வில்வித்தை பழகுகிறவள். முந்தின வாரம் ஒரு போட்டியில் தோற்றுவிட்டு, சாப்பாடு கூடச் சரியாக இறங்காமல் இருந்தாள். "மலைக்காற்று பட்டால் மறந்துவிடுவாள், அழைத்துக்கொண்டு போ" என்றாள் தமக்கை. நானும் புறப்பட்டேன். ஆனால் என் புத்தியைப் பாருங்கள்! மறப்பதற்கென்று நான் தேர்ந்தெடுத்தது வல்வில் ஓரியின் மலையை. அதுவும் அவனுக்கு விழா எடுக்கிற ஆடிப் பதினெட்டை ஒட்டிய நாளை!

அவளுடைய வழக்கு இதுதான். இப்போதைய விதிப்படி மூன்று அம்புகள் சேர்ந்தது ஒரு செட். செட்டை வென்றால் இரண்டு புள்ளி. சமமானால் ஆளுக்கு ஒன்று. முதலில் ஆறு புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. இவள் இரண்டு செட்டுகளை நான்கு நான்கு வித்தியாசத்தில் வென்றாள். மற்ற மூன்றையும் ஒவ்வொன்று வித்தியாசத்தில் விட்டாள். கூட்டுத் தொகையில் ஐந்து அதிகம். ஆட்டத்தில் 4-க்கு 6 என்று தோல்வி.

செம்மேட்டில் இறங்கினோம். ஓரியின் சிலையைச் சுற்றி ஒரே ஜனக்கூட்டம். விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டல்லவா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிலையைப் பார்த்தபடி ஓரியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் அந்த அம்பைப் பாடியிருக்கிறார். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. காட்டு வழியில் வந்த பாணர் கூட்டத்துக்கு எய்தவன் யாரென்று தெரியவில்லை. அவர்கள் பாடிய பாட்டில் தன் பெயரைக் கேட்டபோது அவன் வெட்கப்பட்டானாம். மான் இறைச்சியும் மதுவும் மலையில் பிறந்த பொன்னும் கொடுத்து அனுப்பினான்.

"இதுக்கு எத்தனை புள்ளி மாமா?" என்றாள் அவள், பாதிக் கேலியாக.

கேலியானாலும் நல்ல கேள்வி. ஓரி இன்று அந்த அம்பை எய்திருந்தால் பரிசு கிடைக்காது, வழக்குத்தான் கிடைக்கும். 1972-இல் நம் நாட்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே 1972-இல்தான், அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு, ம்யூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மறுபடி இடம் பெற்றது. காட்டில் வில்லுக்குக் கதவு சாத்தப்பட்ட வருஷமே மைதானத்தில் அதற்குக் கதவு திறந்தது! மிருகம் போய்க் காகித வட்டம் வந்ததே, வில்லின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய விதி மாற்றம் வேறில்லை. அது முன்னேற்றந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

அந்த அரை நூற்றாண்டு இடைவெளி எதனால் வந்தது? 1900, 1904, 1908, 1920 ஆகிய ஒலிம்பிக்குகளில் வில்வித்தை இருந்தது. ஆனால் விருந்து வைத்த நாடு தன் ஊர் வழக்கத்தையே விதியாக வைத்துக்கொண்டது. 1904-இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் அம்பு எய்தவர்கள் எல்லாருமே அமெரிக்கர்கள். ஊருக்கொரு நியாயம் என்றால் உலகப் போட்டி எப்படி நடக்கும்? ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1931-இல், அன்று போலந்தைச் சேர்ந்திருந்த லுவோவ் நகரில் சர்வதேச சம்மேளனம் அமைந்தது. எல்லாருக்கும் பொதுவான விதி ஏற்பட்டது. அந்த விதி இல்லாவிட்டால் 1972 வந்திருக்காது.

அப்போதைய போட்டி பொறுமைசாலிகளின் போட்டி. ஆண்களுக்கு 90, 70, 50, 30 மீட்டர். பெண்களுக்கு 70, 60, 50, 30. தூரத்துக்கு 36 அம்பு. அதை இரண்டு தடவை செய்ய வேண்டும். ஆக 288 அம்புகள், நான்கு நாட்கள். கடைசியில் கூட்டல் கணக்கு. யார் சிறந்த வில்லாளி என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தாம் தூங்கிப்போவார்கள்!

பார்ப்பவர்களுக்காக விதிகள் மாறத் தொடங்கின. 1992-இல் பார்சிலோனாவில் இருவர் நேருக்கு நேர் எய்யும் முறை வந்தது. 2010-இல் செட் முறை வந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அரங்கேறியது. இன்று ஓர் அம்புக்கு 20 விநாடி. ஐந்துக்கு ஐந்து என்று நின்றால் ஆளுக்கு ஒரே அம்பு. மையத்துக்கு அருகில் தைத்தவருக்கு வெற்றி. 2024 பாரிஸில் ஆண்கள் இறுதிப் போட்டியில் இருவருமே அந்தக் கடைசி அம்பில் பத்து எடுத்தார்கள். கொரியாவின் கிம் வூஜின் 4.9 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அமெரிக்காவின் பிரேடி எலிசனை வென்றார். பார்த்தவர்கள் மூச்சு விட மறந்திருப்பார்கள்.

கொரியர்களை இறக்கத்தான் விதியை மாற்றுகிறார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அப்படியானால் காரியம் பலிக்கவில்லை. பெண்கள் குழுப் போட்டியில் 1988 முதல் 2024 வரை பத்துத் தடவையும் தங்கம் கொரியாவுக்கே.

இதெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ என் அஞ்சு புள்ளி?" என்றாள்.

நான் மழுப்பவில்லை. அந்த ஐந்தும் அவள் கைத்திறன்; விதி அதைக் குப்பையில் போட்டுவிட்டது என்றே சொன்னேன். அதற்கு அந்தச் சம்மேளனமே சாட்சி. காம்பவுண்ட் வில்லுக்கு இன்றும் 15 அம்புகளைக் கூட்டித்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு தராசு!

"ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் ஒரு போட்டியில் உன் அம்பு பலகையையே தொடாமல் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா?"

இருந்தது. அந்த ஒரு செட்டோடு அந்தப் பூஜ்யம் போயிற்று. அடுத்த செட்டுகளை வென்று ஆட்டத்தையும் ஜெயித்தாள். பழைய கூட்டல் கணக்காக இருந்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள். அன்றைக்கு அவள் விதியைத் திட்டவில்லை. எதிரே நின்ற பெண்தான் தன் மாமாவிடம் நியாயம் கேட்டிருக்க வேண்டும்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ எந்த விதிதான் நல்லது?" என்றாள்.

என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். பழைய விதி, "யார் நிதானம் தவறாதவர்?" என்று கேட்டது. புதிய விதி, "தேவையான நேரத்தில் யார் கை நடுங்காதது?" என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்குக் கைதட்டல் அதிகம். எனக்கு முதல் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஓரியின் குறி தப்பாத வில்லும் தேவையான ஒரு நாளில் அவனுக்கு உதவவில்லை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அதற்காக யாரும் ஓரியை வில்லாளி இல்லையென்று சொல்லவில்லை. மலை இன்னும் அவன் பெயரைத்தான் சொல்கிறது.

மைதானத்தில் போட்டி ஆரம்பமாயிற்று. அவள் எழுந்து போய்க் கயிற்றோரமாக நின்று பார்த்தாள்.

இறங்கும்போது மறுபடி வளைவுகளை எண்ணினாள். இந்தத் தடவை மூன்று மூன்றாக. அடிவாரத்தில் பஸ் நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"23 செட் மாமா. ஒரு வளைவு மிச்சம்."

"அது கடைசி அம்பு" என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.