கெட்டிக்காரர், ஆனால் ஒத்துவராதவர்: என்ன செய்யலாம்?

பல நிறுவனங்களில் இப்படி ஒருவர் இருப்பார். அவரளவுக்கு நேர்த்தியாக வேலை செய்ய வேறு ஆளில்லை. ஆனால் அவரோடு வேலை செய்வது மற்றவர்களுக்குப் பெரும்பாடு. இத்தகையவரை எப்படிக் கையாள்வது என்ற கேள்விக்கு இங்கிலாந்து கிரிக்கெட் அணி இரண்டு வருடங்களுக்குள் இரு வேறு விடைகளைத் தந்தது.

2012 ஓகஸ்டில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான லீட்ஸ் டெஸ்ட் போட்டியில் கெவின் பீட்டர்சன் 149 ஓட்டங்களைப் பெற்றார். அந்தத் தொடரின்போது எதிரணி வீரர்களுக்கு அவர் குறுஞ்செய்திகள் அனுப்பியிருந்தமை வெளியே வந்தது. அடுத்த போட்டியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனினும் கதவு சாத்தப்படவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். சக வீரர்களோடு பேசித் தீர்த்துக்கொண்டு மீண்டும் அணியில் இணைய வழி வகுக்கப்பட்டது. புதிய தலைவர் அலஸ்டெயர் குக்கின் கீழ் இந்தியா சென்றவர், மும்பையில் 186 ஓட்டங்களைக் குவித்தார். 1984-85க்குப் பின்னர் முதன்முறையாக இந்திய மண்ணில் இங்கிலாந்து டெஸ்ட் தொடரை வென்றது.

2013-14 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்து 5-0 எனத் தோற்றது. அந்த அணியில் அதிக ஓட்டங்களைப் பெற்றவர் பீட்டர்சனே. ஆனாலும் 2014 பெப்ரவரியில் அவர் ஒதுக்கப்பட்டார். ஏன் என்பது தெளிவாகச் சொல்லப்படாததால் சர்ச்சை நீண்டது. 2015 மே மாதம் சரே கழகத்துக்காக அவர் ஆட்டமிழக்காமல் 355 ஓட்டங்களைப் பெற்ற அதே வாரத்தில்தான், நம்பிக்கை இல்லாததால் அவரைச் சேர்க்கமுடியாது என்று பணிப்பாளர் அன்ட்ரூ ஸ்ட்ரோஸ் வெளிப்படையாகக் கூறினார்.

முகாமையாளர்களுக்கு இதில் பாடம் உண்டு. “உங்கள் குணம் சரியில்லை” என்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும். “நேற்றைய கூட்டத்தில் இளைய ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் ஏசினீர்கள்” என்றால் திருத்திக்கொள்ள இடமுண்டு. அதைத் தனியாக அழைத்துச் சொல்லவேண்டும். அவர் தரப்பு மனக்குறையையும் கேட்கவேண்டும். வேலைப்பளுவும் சக ஊழியரின் கேலியும் பின்னால் இருக்கலாம். எது மாறவேண்டும், எப்போதைக்குள் என்பதை எழுத்தில் வைப்பது நல்லது.

அவரால் சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போனவர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். அந்த இழப்பு அவரது திறமைக்கான விலையில் சேர்ந்தது. எல்லாம் செய்தும் மாற்றமில்லையென்றால் பிரிவதே வழி. அப்போதும் காரணத்தை நேரே சொல்லிவிடவேண்டும்; சொல்லாமல் விட்டால் மிஞ்சியிருப்பவர்கள் தமக்குத் தோன்றிய காரணத்தைத் தாமே சொல்லிக்கொள்வார்கள்.