முற்றத்துத் தெள்ளுப்பூச்சிக் கட்டுப்பாடு

நாய், பூனை வளர்க்கும் வீட்டின் வாசலிலும் கொல்லையிலும் தெள்ளுப்பூச்சி பெருகாமல் தடுக்கும் முறைகள். தெள்ளு, இறக்கை இல்லாமல் தாவித் திரியும் பூச்சி, நீளம் 1.5 முதல் 3 மில்லிமீட்டர். உண்ணி வேறு. அதற்கு எட்டுக் கால், தோலில் ஒட்டியே கிடக்கும். ஆறு கால் தெள்ளு மயிருக்குள் ஓடிவிடும். நாயைச் சீவும்போது உதிரும் கறுப்புத் துகளை ஈரத் துணியில் வைத்தால் செம்பழுப்பாகக் கசியும். அது தெள்ளின் எச்சம், நாயின் ரத்தம்தான்.

பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை மயிரில் ஒட்டாது. நாய் படுக்கும் இடத்தில் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு உணவு அங்கேயே விழும் ரத்த எச்சம். வெயிலும் வறட்சியும் புழுவுக்கு ஆகாது. ஆகவே முற்றம் முழுவதும் மருந்தடிப்பது வீண்; நாய் படுக்கும் நிழலே குறி.

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் போன்ற, நெல்லும் தென்னையும் உள்ள ஊர்களில் அந்த நிழல் எங்கே என்று தேட வேண்டியதில்லை: வைக்கோல் படப்பின் அடி, மாட்டுக் கொட்டத்தின் மூலை, மட்டைக் குவியல், தண்ணீர்த் தொட்டி ஓரம். படப்பைக் கல்மேடையில் போடுவதும், மட்டையை அப்புறப்படுத்துவதும், நிழல் மண்ணைக் கூட்டிக் காயவிடுவதும் மருந்தைவிட நின்று பலன் தரும். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் போட வேண்டும். ஆட்டுக்குட்டிகளை நாய் படுக்கும் இடத்திலிருந்து பிரிப்பது அவசியம். தெள்ளு மிகுந்தால் குட்டி ரத்தசோகையில் சாகும்.

இதோடு வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் கால்நடை மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தோ மாத்திரையோ தர வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாய்மேல் ஊற்றுவது கொடுமை. நாய் அதை நக்கும், குழந்தை அந்த நாயைத் தொடும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். மண்ணுக்கு மருந்து தேவைப்பட்டால், புழு வளர்ச்சியைத் தடுக்கும் பைரிப்ராக்சிபென் ஏற்றது; அது வெயிலில் எளிதில் சிதையாது. எந்த மருந்தும் வாய்க்காலில் கலக்கக் கூடாது; மீனும் தவளையும் சாகும்.

எலித்தெள்ளு இன்னொரு இனம். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக் எலியிடமிருந்து தெள்ளு வழியாகப் பரவுவதைக் காட்டினார். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இந்த நோயை நன்றாக அறிந்த மண். இங்கே நடந்த பிளேக் ஆய்வை ஜார்ஜ், வெப்ஸ்டர் இருவரும் 1934இல் வெளியிட்டனர். நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி வளையை அடைக்காமல் நாயை மட்டும் கவனிப்பது பாதி வேலை.

மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதுத் தெள்ளு கடிக்கும். மருந்து பொய்த்துவிட்டது என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். புழு பின்னிக்கொள்ளும், மண் ஒட்டிய பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை மருந்து எளிதில் எட்டாது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியேறும். மருந்து போட்ட நாய்மேல் ஏறினால் அந்தத் தெள்ளு செத்துவிடும். ஆகவே தவணை தவறாமல் மூன்று மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும்.