காசு கொடுத்து வாங்கிய இ-புக், சினிமா, கேம்... உண்மையில் நமக்குச் சொந்தமா? சட்டம் சொல்வது என்ன?

கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறோம். படித்து முடித்ததும் நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். விற்ற கடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குள் வந்து அதை எடுத்துக்கொண்டு போக முடியாது.

அதே புத்தகத்தை இ-புக்காக வாங்கினால்? எடுத்துக்கொண்டு போக முடியும். போயும் இருக்கிறார்கள்.

2009-ல் என்ன நடந்தது?

2009 ஜூலையில், அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்த பலரின் கருவியிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘அனிமல் ஃபார்ம்’ நாவல்கள் திடீரென மாயமாகின. அவற்றை அமேசான் தளத்தில் பதிவேற்றிய நிறுவனத்துக்கு விற்கும் உரிமையே இல்லை என்று தெரியவந்ததால், அமேசான் அவற்றை இணையம் வழியாகவே அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

பணம் வந்துடுச்சே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். ஆனால் ஒரு பள்ளி மாணவர் பாடத்துக்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகள், புத்தகம் போனதால் பயனற்றுப் போயின. வழக்கு தொடரப்பட்டு, 1,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

அப்படியென்றால் நாம் வாங்குவது எதை?

பெரும்பாலான தளங்களில் ‘பை’ பட்டனை அழுத்தும்போது பொருள் விற்கப்படுவதில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி, அதாவது லைசென்ஸ் மட்டுமே தரப்படுகிறது. யாரும் படிக்காமல் ‘ஓகே’ கொடுக்கும் விதிமுறைகளில் இது எழுதப்பட்டிருக்கும். வீட்டின் முழு விலையையும் கட்டிவிட்டு, வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி.

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி-யில் இந்தக் குழப்பம் இல்லை. கட்டினால் வரும், நிறுத்தினால் போகும். முழு விலை கொடுத்து ‘வாங்கினோம்’ என்று நினைக்கும் இடத்தில்தான் சிக்கல்.

இதுவரை நடந்தவை

• 2019: மைக்ரோசாஃப்ட் தன் இ-புக் கடையை மூடியது. விற்ற புத்தகங்கள் எல்லாம் ஜூலை முதல் திறக்கவில்லை. பணம் திருப்பித் தரப்பட்டது. பக்கங்களில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு கூடுதலாக 25 டாலர்.

• 2023: பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் டிசம்பர் 31-க்குப் பிறகு கிடைக்காது என்று சோனி அறிவித்தது. கடும் எதிர்ப்பு கிளம்பிய நிலையில், உரிம ஒப்பந்தம் மாற்றப்பட்டதாகச் சொல்லி, குறைந்தது 30 மாதங்களுக்குத் தள்ளிவைத்தது.

• 2024: 2014-ல் வெளியான ‘தி க்ரூ’ கார் ரேஸ் கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் மார்ச் 31-ல் நிறுத்தியது. இணையம் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை.

இந்தக் கடைசி சம்பவத்தில் பிறந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்க அது திரட்டிய கையெழுத்துகள் 2025-ல் 10 லட்சத்தைத் தாண்டின.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருமுறை விற்ற புத்தகத்தின் மறுவிற்பனையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-லேயே தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1957 காப்புரிமைச் சட்டமும், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட புத்தகப் பிரதிகளை வெளியிடும் உரிமையிலிருந்து விலக்கி வைக்கிறது.

ஆனால் ஒரு ஃபைலை அடுத்தவருக்கு அனுப்பினால் புதிய காப்பி உருவாகிறது. இதைச் சொல்லியே, வாங்கிய பாடல்களை மறுவிற்பனை செய்ய உதவிய ரீடிஜி நிறுவனத்துக்கு எதிராக 2018-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய இ-புக் விற்பனைக்கு ஐரோப்பிய நீதிமன்றமும் 2019-ல் தடை போட்டது.

கலிஃபோர்னியா மட்டும் வேறு வழியில் போனது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, தருவது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘பை’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது. இணையம் இல்லாமலும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய டவுன்லோடுகளுக்கு விலக்கு உண்டு. கவனிக்க: இந்தச் சட்டம் உண்மையைச் சொல்லச் சொல்கிறதே தவிர, பறிப்பதைத் தடுக்கவில்லை.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

• டவுன்லோடு செய்தாலே சொந்தம் என்று ஆகாது. அந்த ஆப் இல்லாமல், லாகின் இல்லாமல் ஃபைல் திறக்கிறதா என்பதே கேள்வி.

• டிஜிட்டல் பூட்டு இல்லாத விற்பனையும் இருக்கிறது. ஐடியூன்ஸ் பாடல்களுக்கு 2009-லேயே பூட்டு நீக்கப்பட்டது. ஜிஓஜி தளம் பூட்டில்லாத கேம்களையே விற்கிறது.

• பூட்டை உடைத்து காப்பி போடலாம் என்று நினைக்க வேண்டாம். காப்புரிமையை மீறும் நோக்கில் அப்படிச் செய்தால், 2012 திருத்தத்தின்படி இந்தியாவில் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

• இ-புக்கில் எழுதும் குறிப்புகளைத் தனியாகச் சேமித்து வையுங்கள். பில் வந்த மெயிலை அழிக்காதீர்கள். பணம் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.

• பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டிய புத்தகம் என்றால், அச்சில் வாங்குவதே இன்றைக்கும் பாதுகாப்பு.