வெட்டியும் கூலியும்: கல்வராயன் மலையின் உழைப்பு வரலாறு

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி இடம்பெறும் வரிச்சொற்களுள் ஒன்றான ‘வெட்டி’, ஊதியமின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்தது. கல்வெட்டுகளோடு மறைந்துவிட்ட வழக்கமாக அதைக் கொள்ள இயலாது. கல்வராயன் மலையில் அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன், ஐந்து ஜாகீர்களாக, அதாவது நிலவருவாயை அனுபவிக்கும் உரிமை ஒரு குடும்பத்தாருக்கு வழிவழியாக விடப்பட்ட ஆட்சிப்பகுதிகளாகப் பிரிந்திருந்தது. அவற்றுள் பெரிய கல்வராயனும் சின்னக் கல்வராயனும் சேலத்தையும், சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகியோர் பெயரால் வழங்கிய மூன்றும் இன்றைய கள்ளக்குறிச்சி அடங்கிய தென்னார்க்காட்டையும் சார்ந்திருந்தன. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகக் கூறும் மலையாளிப் பழங்குடியினர், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்ததோடு, ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைக்கவும் கடமைப்பட்டிருந்தனர். சமவெளியில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்த பின்னும், இம்மலையின் ஜாகீர்தார்கள் 1976 வரை தம் பிடியைத் தளர்த்தவில்லை.

அதே 1976இல் நிறைவேறிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், தான் ஒழிக்கும் வழக்கங்களின் பட்டியலில் படியாள், பண்ணையாள் ஆகியவற்றுடன் ‘வெட்டி’யையும் பெயர்சொல்லிச் சேர்த்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையும், அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிமைத்தனத்தின் இலக்கணம் மேலும் விரிந்தது. ஏனெனில் ஒருவரைக் கட்டாயப்படுத்துவது சாட்டை மட்டுமன்று, பசியும்தான் என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

எனினும் ஜாகீர்தாரின் இடத்தில் முன்பணம் வந்தமர்ந்தது. மானாவாரி விளைச்சல் ஆண்டு முழுமைக்கும் போதாத குடும்பங்கள், மேஸ்திரியிடம், அதாவது ஆள்சேர்க்கும் இடைத்தரகரிடம், முன்பணம் பெற்று வெளியூர் வேலைக்கு இறங்குகின்றன. வாங்கிய தொகை கழியும்வரை வேலையை விட்டு விலக முடியாதவர், பெயரளவில் கூலியாளே எனினும் தம் உழைப்புக்கு உரிமையாளர் அல்லர். 2006இல் நடைமுறைக்கு வந்த நூறு நாள் வேலைத் திட்டத்தின் முதற்கட்டத்திலேயே, கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டம் இடம்பெற்றது. உள்ளூரில் வேலை பெறுவதைச் சட்ட உரிமையாக்கியதே அதன் வரலாற்றுச் சிறப்பு. ஆயினும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து இம்மலைமக்களின் அடிப்படைத் தேவைகளை விசாரிக்க வேண்டியிருந்தது.

வெட்டியைச் சட்டம் ஒழித்தது; முன்பணத்தின் பிடியை ஒழிக்க வல்லவை, உழுபவர் கையில் நிலப்பட்டாவும் ஊருக்குள் உரிய கூலியுடைய வேலையுமே ஆகும்.