காலையில் ஒத்திகை, இரவில் நிஜம்

2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை காலை. பாரிஸின் அவசர மருத்துவச் சேவையான 'சாமு'வும் தீயணைப்புப் படையும் சேர்ந்து ஓர் ஒத்திகை நடத்தின. நகரில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்பதுதான் அதன் கரு. அன்றிரவே அது நடந்துவிட்டது. 130 உயிர்கள் போயின. தகவல் வந்தபோது சில மருத்துவர்கள் இதுவும் இன்னொரு ஒத்திகைதான்னு நினைச்சாங்களாம். அந்த மாதமே லான்செட் இதழில் வந்த கட்டுரையில் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிரெஞ்சு முறைப்படி, சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் மருத்துவர் உடனே சிகிச்சையில் இறங்கக் கூடாது. எத்தனை பேர், எவ்வளவு மோசம், என்னென்ன வேணும் என்று பார்த்து, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லணும். காலடியில் ஒருத்தர் ரத்தம் கொட்டக் கிடக்கும்போது எண்ணிக்கொண்டிருப்பது சும்மா இல்லைங்க. படித்தால் வராது, ஒத்திகையில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

எந்த நோயாளி எந்த மருத்துவமனைக்கு என்பதையும் கட்டுப்பாட்டு அறையே சொல்லும். இல்லாவிட்டால் எல்லாரும் பக்கத்து மருத்துவமனையில் போய்க் குவிவார்கள்.

அன்றிரவு 45 மருத்துவக் குழுக்களைப் பல இடங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். இன்னும் 15 குழுக்களை அனுப்பாமலே நிறுத்தி வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை இடங்களில் தாக்குதல். அடுத்தது எங்கே, எப்போது முடியும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மருத்துவர் கேட்டு ஒவ்வொரு இடத்திலிருந்தும் அழைப்பு வந்திருக்கும். அவர்களிடம் 'இப்போ இல்லை' என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.